கட்டி வைத்தலும் இம்சையே

 

தர்மம், அதர்மம், ஆகாயம், புத்கலம் முதலிய திரவியங்கள் ஒவ்வொன்றும் உலகுக்கு ஆற்றும் உதவியைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆச்சாரியர் வரிசையாக எடுத்துரைக்கிறார். அவ்வரிசையில் உயிர்த் திரவியத்தின் முறை வருகிறது. உயிர் ஆற்றும் உதவி யாது என்ற வினாவுக்கு, மற்றோர் உயிருக்குத் துணை நிற்பதே என்பது அவர் தரும் விடை. பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய 2500ஆம் ஆண்டு 1974-75இல் கொண்டாடப்பெற்றபோது ஜைனர் அனைவர்க்கும் பொதுவான சின்னம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அடியில் பொறிக்கப்பட்டதும் இக்கருத்தே. நம் திருமண அழைப்பிதழ்களிலும் ஜினாலய விழா மலர்களிலும் அச்சின்னத்தைக் காண்கிறோம். அது சொல்லும் பொருளை வாழ்வில் எங்கே காண்கிறோம் என்று சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கம்.

அதற்குச் சான்றாக, கடலில் வாழும் விரலளவுச் சிற்றிறால்களை எடுத்துக்கொள்வோம். புலால் தொடாத நமக்கும் இறாலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். தொடர்பு உண்டு. உணவுத் தட்டின் வழியே வராத உயிர், வரவேற்பறையின் வழியே நம் இல்லத்துள் வருகிறது. கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளத்திட்டு உயிர்களை வளர்க்கும் வழக்கம் பெருநகரங்களில் தொடங்கிச் சிற்றூர்களுக்கும் பரவி வருகின்றது. வண்ண மீன்களோடு இச்சிற்றிறால்களும் விற்பனைக்கு வருகின்றன. கொல்லவில்லை, உண்ணவில்லை, அழகுக்காக அன்போடு வளர்க்கிறோம். இதில் குற்றம் என்ன என்ற கேள்வி நம் குடும்பங்களிலும் எழக்கூடியதே. இதற்கு விடை கூறுவது சிராவக ஒழுக்கத்தின் கடமை.

வெம்பக்கோட்டைக்கு வந்த கடல்

நம் குடும்பத்தார் பலர் கழுகுமலைக்கு வழிபாட்டுப் பயணம் மேற்கொள்கின்றனர். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை வழியாகவும் அங்குச் செல்லலாம். வெயில் காயும் கரிசல் நிலமும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளும் நிறைந்த வட்டாரம் அது. அவ்விடத்தில் நின்று பார்ப்பவர்க்குக் கடல் நினைவுக்கு வராது. ஆயினும், அவ்வூரை ஒட்டி ஓடும் வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. ஆற்றின் வடகரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. சுடுமண் உருவங்கள், கண்ணாடி மணிகள் ஆகியவற்றோடு சங்கு வளையல்களும் மிகுதியாக அங்குக் கிடைத்தன. கடலினின்று எடுத்த சங்கு உள்நாட்டுக்கு வந்து, அறுக்கப்பட்டு, மகளிர் கைக்கு அணியாயிற்று என்பதை அம்மேடு நமக்குக் காட்டுகிறது.

சங்கு உயிருள்ள பொருள் என்பதை நம் முன்னோர் மறக்கவில்லை. சங்கையும் சிப்பியையும் ஈரறிவுயிர் என்று நம் ஆகமங்கள் வகுக்கின்றன. தொல்காப்பிய மரபியல் நண்டினத்தை நான்கறிவுடையதாகக் கொள்கிறது. இறாலோ நண்டுக்கு நெருங்கிய உறவு. நான்கறிவுயிர்க்கு நான்கு பொறிகள், உடல் வலிமை, வாக்கு வலிமை, மூச்சு, ஆயுள் என எட்டுப் பிராணன்கள் உண்டு என்பது நம் சமயக் கணக்கு. அவற்றுள் வாக்கு வலிமையும் ஒன்று என்பதை மனத்தில் இருத்துங்கள். அதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

முற்காலத்தில் கடல் உயிர் ஓடாக வெம்பக்கோட்டைக்கு வந்தது. இக்காலத்தில் உயிர்வாயு நிரப்பிய நெகிழிப் பையில் உயிரோடு எந்த ஊருக்கும் வரக்கூடும். ஓடாக வந்தபோது அதன் துன்பம் முடிந்திருந்தது. உயிரோடு வரும்போது அதன் துன்பம் தொடர்கிறது என்பதே வேறுபாடு.

கடலடியில் ஓர் அறச்சாலை

வைப்பாறு கலக்கும் மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகள் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. வைப்பாற்றின் முகத்துவாரத்துக்கு வடகிழக்கே வேம்பார்த் தீவுக் கூட்டம் உள்ளது. நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி என்பன அக்கூட்டத்தின் தீவுகள். இத்தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. பவளத்திட்டு என்பது வெறுங்கல் அன்று. எண்ணற்ற நுண்ணுயிர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பிய மாநகர் அது.

இத்தகைய மாநகர்களில் வாழும் மூவகைச் சிற்றிறால்களின் வாழ்வைக் காண்போம்.

முதலாவது துப்புரவு இறால். ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமே உடையது. சிவந்த முதுகின் நடுவே வெண்கோடு ஒன்று ஓடும். நீண்ட வெண்ணிற மீசை இழைகள் உண்டு. பாறை இடுக்கு ஒன்றைத் தன் இருப்பிடமாக்கிக் கொண்டு, அவ்விழைகளை அசைத்து அங்கே நிற்கும். உடலில் ஒட்டுண்ணி பற்றிய மீன்கள் அவ்விடத்தை நாடி வருகின்றன. களவா மீனும் அஞ்சாலை விலாங்கும் பிற சிற்றுயிர்களை விழுங்கி வாழ்பவை. அவையும் அங்கே வந்து அசைவற்று நின்று வாயைத் திறக்கின்றன. இறால் அவ்வாயினுள் புகுந்து பல்லிடையிலும் செவுளிலும் உள்ள ஒட்டுண்ணியையும் அழுகிய தசையையும் எடுத்து உண்கிறது. மீனுக்கு நோய் நீங்குகிறது; இறாலுக்குப் பசி தீர்கிறது. திறந்த வாய் பெரும்பாலும் இறாலின் மேல் மூடிக்கொள்வதில்லை.

இரண்டாவது கடற்சாமந்தி இறால். கடற்சாமந்தி பூவைப் போல் தோன்றும் விலங்கு. அதன் இதழ் போன்ற உணர்கொம்புகள் கொட்டும் நஞ்சுடையவை. கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடலும் வெண்திட்டுகளும் வால்நுனியில் புள்ளிகளும் கொண்ட சிற்றிறால் ஒன்று அந்நஞ்சின் நடுவே அஞ்சாது குடியிருக்கிறது. பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக இணைந்தே அங்கு வாழும். பகைவர்க்கு நஞ்சாவது இவற்றுக்கு அரணாகிறது.

மூன்றாவது சொடுக்கு இறால். இது பவளத்திட்டை அடுத்த மணலில் வளை தோண்டி வாழ்வது. இதற்குக் கண்பார்வை மிகக் குறைவு. உளுவை இனத்துச் சிறுமீன் ஒன்று அவ்வளையில் இதனோடு குடியிருக்கும். இறால் மணலை அள்ளி வெளியே கொட்டி வளையைச் செப்பனிடுகிறது. மீன் வாயிலில் நின்று காவல் புரிகிறது. வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசை இழை ஒன்றை மீனின் உடல்மேல் வைத்தே வரும். பகை கண்ட மீன் வாலை அசைத்த அளவில் இறால் வளைக்குள் மறையும். பார்வையற்றவர் துணைவரின் தோளில் கை வைத்து நடப்பது போன்ற காட்சி இது.

இச்சொடுக்கு இறாலைப் பற்றி வெடித் தொழில் அறிந்த வட்டாரத்தார் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இது தன் பெருங்கொடுக்கை விரைந்து மூடும்போது நீர் பீய்ச்சி அடித்து ஒரு குமிழி பிறக்கிறது. அக்குமிழி நொறுங்கும்போது வெடிச்சத்தம் எழுகிறது. ஒலி கொடுக்குகள் மோதுவதால் அன்று, குமிழி நொறுங்குவதால் எழுகிறது என்பது 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. இரை பிடிக்கவும் வளையைக் காக்கவும் அது பயன்படும்.

கடலில் ஒன்றையொன்று கொன்றுண்ணும் செயலும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. சம்சாரத்தின் இயல்பு அதுவே. ஆயினும், கொலை நிறைந்த அவ்விடத்திலும் உதவி என்னும் ஒழுங்கு நிலைபெற்றிருக்கின்றது. ஆத்திரேலியாவின் லிசார்டு தீவில் சில பாறைகளிலிருந்து துப்புரவு செய்யும் மீன்களை மட்டும் அகற்றி எட்டாண்டுகளுக்கு மேல் கவனித்தனர். அதன் முடிவு 2011இல் வெளியாயிற்று. அப்பாறைகளில் வாழ்ந்த மீன்களின் எண்ணிக்கை, அகற்றப்படாத பாறைகளைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. தொண்டு செய்யும் ஒரு சிற்றுயிரை எடுத்தால், அதனை நம்பிய பல உயிர்கள் நலிகின்றன என்பதற்கு இது சான்று.

நெகிழிப் பையின் கதை

நன்னீர் வண்ண மீன்களுள் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. கடல் தொட்டிக்கு வருவனவற்றுள் மிகப் பெரும்பகுதி கடலில் பிறந்து கடலிலேயே பிடிக்கப்பட்டவை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் சார்பில் 2003இல் வெளிவந்த ஆய்வு, ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2.4 கோடி வரை கடல் வண்ண மீன்களும், இறால், சாமந்தி முதலிய பிற சிற்றுயிர்கள் 90 இலட்சம் முதல் 1 கோடி வரையும் உலக வணிகத்தில் கைமாறியதாக மதிப்பிட்டது. நம் அண்டை நாடான இலங்கையும் இந்தோனேசியாவும் இவ்வணிகத்தில் இறால்களை அனுப்பிய நாடுகள்.

துப்புரவு இறாலைப் பண்ணையில் பெருக்குவது எளிதன்று. அதன் குஞ்சு தாயின் உருவம் பெறுமுன் மிதவை உயிராகப் பல மாதங்கள் நீரில் அலைந்து, பல முறை சட்டை உரித்து, உருமாற வேண்டும். ஆகவே தொட்டியில் நாம் காணும் துப்புரவு இறால் பெரும்பாலும் ஒரு பாறையிடுக்கிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே.

அதன் பயணத்தை நோக்குங்கள். முக்குளிப்பவர் கையில் சிக்குகிறது. தனித்தனிப் பையில் இடப்படுகிறது. வழியில் நீர் கெடாதிருக்க உணவு நிறுத்தப்படுகிறது. இருளில், வெப்பம் ஏறியிறங்கும் பெட்டியில், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், மொத்த வணிகர், கடைக்காரர் எனப் பல கை மாறுகிறது. இறுதியில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அழகாக நிற்கிறது. வழியில் மாண்டவை அக்கண்ணாடியில் தெரிவதில்லை. வெம்பக்கோட்டை வட்டாரத்தில் செய்த மத்தாப்பு பளபளக்கும் பெட்டியில் நம் கைக்கு வரும்போது, அதன் பின்னுள்ள உழைப்பாளியின் ஆபத்து நம் கண்ணில் படுவதில்லை. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்டபோதுதான் அது உலகின் கண்ணில் பட்டது. விலை கொடுத்து வாங்கும் பொருளின் பின்னால் எவ்வுயிர் என்ன துன்புற்றது என்று வினவுவது ஜைன இல்லறத்தாரின் முதற் பழக்கமாதல் வேண்டும்.

நேமிநாதர் கேட்ட குரல்

கழுகுமலைப் பாறையில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துத் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்குகிறோம். அங்கே சிங்கத்தோடும் மக்களோடும் நிற்கும் அம்பிகை இயக்கியின் வடிவமும் உண்டு. அவ்வன்னை இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதரின் இயக்கி. ஆகவே அச்சிற்பத்தைக் காணும்போது நேமிநாதரின் வரலாறும் நம் நினைவுக்கு வருதல் தகும்.

இராசமதியை மணக்கத் தேரேறிச் சென்ற நேமிகுமாரர், வழியில் அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டார். மணவிருந்துக்காக அவை கட்டப்பட்டுள்ளன என்று அறிந்தார். தேரைத் திருப்பினார், மணத்தைத் துறந்தார், கிர்நார் மலையேறித் தவம் பூண்டார். இவ்வரலாற்றில் நாம் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. அவர் வந்தபோது அவ்விலங்குகள் இன்னும் கொல்லப்படவில்லை. அவர் கண்டது கொலையை அன்று, அடைப்பை. அவர் கேட்டது இறக்கும் குரலை அன்று; கட்டுண்ட குரலை. அதுவே போதுமானதாயிற்று.

நம் ஆச்சாரியர்களும் இதை ஐயத்துக்கு இடமின்றி வகுத்துள்ளனர். சமந்தபத்திர ஆச்சாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் அகிம்சை அனுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினை எண்ணுகிறார். அந்நூலின் நெறியைத் தமிழில் தரும் நம் அருங்கலச்செப்பும் நமக்கு வழிகாட்டி. அவ்வைந்தாவன: உறுப்பறுத்தல், கட்டி வைத்தல், வருத்துதல், பொறுக்கமாட்டாத பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றுள் ஒன்றேனும் கொலை அன்று. கொல்லாமலே இம்சை செய்ய இயலும் என்பதை நமக்கு உணர்த்தவே இப்பட்டியல் அமைந்தது.

இதைத் தொட்டியோடு ஒப்பிடுவோம். பாறையிடுக்கிலிருந்தும், துணையிலிருந்தும், தன்னை நாடிவரும் மீன்களிலிருந்தும் பிரிப்பது உறவை அறுத்தல். சில அடிக் கண்ணாடிக்குள் வைத்தல் கட்டுதல். ஒளியும் அதிர்வும் ஓயாத இடத்தில் ஒளிய இடமின்றி விடுதல் வருத்துதல். சிறு தொட்டியில் பல உயிர்களை நெருக்குதல் மிகுபாரம். பயணத்தில் பட்டினியிடுதல் உணவு மறுத்தல். ஐந்தும் ஒரே செயலில் வந்து கூடுவதை எண்ணிப் பாருங்கள்.

உறவை அறுத்தல் என்பது மிகைச்சொல் அன்று. சிவப்பும் வெண்மையுமாகப் பட்டை பூண்ட பட்டை இறால் ஆணும் பெண்ணுமாக இணைந்து ஓரிடத்தில் வாழ்வது. பிரித்து வைத்தபின் மீண்டும் சேர்க்கப்பட்டால் அது தன் துணையைப் பிற இறால்களினின்றும் வேறுபடுத்தி அறிகிறது என்று 1977இல் வெளியான ஆய்வு காட்டியது. சில சென்டிமீட்டர் உயிர் தன் துணையை அறிகிறது. நாம் அதனை விலைக்குரிய பொருளாக மட்டும் அறிகிறோம்.

நேமிநாதர் கேட்டது ஆடு மான்களின் ஓலம். இறாலுக்கு ஓலம் இல்லையே என்பீராயின், முன்னர்ச் சொன்ன எட்டுப் பிராணன்களை நினைவு கூருங்கள். சங்குக்கும் நண்டுக்கும் வாக்கு வலிமை உண்டு என்று நம் சமயம் கணக்கிட்டது. அது நம் காதுக்கு எட்டுகிறதா என்பது அந்தக் கணக்கில் இல்லை. குரல் இல்லாத உயிர் என்பது கிடையாது. நமக்குக் கேளாத குரல் என்பதே உண்டு. கேட்ட குரலுக்கு இரங்குதல் மனித இயல்பு. கேளாத குரலுக்கும் இரங்குதல் சிராவக தர்மம்.

எழக்கூடிய வினாக்கள்

கடலில் பெருமீனுக்கு இரையாகும் உயிரை நாம் காப்பாற்றி உணவூட்டுகிறோமே என்று வினவலாம். காக்கக் கருதியவர் எவரும் கடலுக்குச் சென்று அதனைக் கேட்டு எடுத்து வரவில்லை. விலை கொடுப்பவர் உள்ளதால் வலை வீசப்படுகிறது. ஒன்றை வாங்கினால் அவ்விடத்தை நிரப்ப மற்றொன்று பிடிக்கப்படும். மேலும், தொட்டியில் இறாலின் வயிற்றடியில் பசிய முட்டைகள் திரள்வதைக் கண்டு வளர்ப்பவர் மகிழ்வர். ஏறத்தாழ இரு வாரங்களில் ஓரிரவு நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பொரித்து மிதக்கும். விடியுமுன் அவை மீன்களுக்கு இரையாகும். அல்லது வடிகட்டும் பொறியால் உறிஞ்சப்பட்டு மாயும். இவ்வாறு திரும்பத் திரும்ப நிகழ்கிறது. அழகுக்கு வைத்த ஒரு பொறி நாம் உறங்கும்போது செய்யும் இம்சை இது. கவனமின்மையால் பிராணனுக்கு வரும் ஊறே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் உணர்த்துவதால், அறியாமை இங்கே காப்பாகாது.

பிள்ளைகள் இயற்கையை அறிய உதவுமே என்பது அடுத்த வினா. தொட்டியில் துப்புரவு இறாலிடம் வாய் திறக்கும் களவா இல்லை. வளை காக்கும் உளுவை இல்லை. உறவுகள் யாவும் நீங்கிய பின் எஞ்சும் வண்ணத்தையே பிள்ளை காண்கிறது. அஃது இயற்கையன்று, இயற்கையின் ஒரு துண்டு. படங்களிலும் கடலடிக் காட்சிப் பதிவுகளிலும் அதன் முழு வாழ்வைக் காட்டலாம். வாய்ப்புள்ளோர் மன்னார் வளைகுடாக் கரைக்கு அழைத்துச் சென்று, எதையும் எடுக்காமல், கண்ணால் மட்டும் காணக் கற்பிக்கலாம். எடுக்காமல் காண்பது அபரிக்கிரகத்தின் முதற் பாடமும் ஆகும்.

பண்ணையில் பிறந்ததை வாங்கலாமா என்ற வினா நேர்மையானது. இலட்சத்தீவின் அகத்தித் தீவில், தேசிய மீன் மரபணு வளங்கள் பணியகத்தின் முயற்சியால், சில சிற்றிறால் வகைகளைக் காப்பிடத்தில் பெருக்கும் முறை கண்டறியப்பட்டது. 2020களின் தொடக்கத்தில் அத்தீவின் பெண்கள் பயிற்சி பெற்று அவற்றை வளர்க்கலாயினர். முன்னர்ச் சொன்ன கடற்சாமந்தி இறாலும் அவற்றுள் ஒன்று. கடலிலிருந்து பறிப்பதைவிட இது குறைந்த தீங்கு என்பதை நாம் மறுக்கவில்லை. எளிய குடும்பங்களுக்குப் பிழைப்பாவதையும் பழிக்கவில்லை. ஆயினும், குறைந்த தீங்கு தீங்கின்மை ஆகாது. பிறந்த இடம் மாறினும் கட்டு மாறவில்லை. இல்லறத்தாரின் விரதம் அணுவிரதம். அது படிப்படியாக ஏறுவது. நேற்றுக் கடலில் பிடித்ததை வாங்கியவர் இன்று பண்ணையில் பிறந்ததோடு நிறுத்துவாராயின் அது ஒரு படி. நாளை அதனையும் விடுவாராயின் அது மேற்படி. இன்னும் தொடங்காதவர்க்கோ, கீழ்ப்படியில் காலை வைக்க வேண்டிய தேவையே இல்லை.

முன்னரே வளர்ப்போர் கடமை

இவ்வுரையைக் கேட்டு, ஏற்கெனவே தொட்டி வைத்திருப்போர் மனம் வெதும்பி, அவ்வுயிர்களை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடக் கூடாது. நன்னீரில் விட்ட கடல் இறால் உடனே துடித்து மாயும். கடலிலே விடினும் பிற நாட்டிலிருந்து வந்த உயிரும் அதனோடு வந்த நோயும் அங்குள்ள உயிர்களுக்குக் கேடாகலாம். விடுதலை என்ற பெயரால் செய்யும் கொலை அது. ஏற்ற கட்டை அறுக்க வழியில்லாதபோது, அக்கட்டுக்குள் துன்பம் குறைத்துக் காத்தலே அறம். அதற்குரிய சில முறைகள் வருமாறு:

புதிய உயிர் எதையும் இனி வாங்கித் தொட்டியில் சேர்க்க வேண்டா. இருப்பவற்றை ஆயுள் முடியும்வரை காத்தல் வேண்டும்.

நீரை மாற்றும்போது உப்பின் அளவும் வெப்பமும் திடீரென மாறக் கூடாது. இறாலின் உடல் அம்மாற்றத்தைத் தாங்குவதில்லை. மாற்று நீரைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும்.

மீன் நோய்க்கென விற்கும் செம்பு கலந்த மருந்துகளை இறால் உள்ள தொட்டியில் இடவே கூடாது. மீனைக் காக்கும் அம்மருந்து இறாலைக் கொல்லும். நோயுற்ற மீனை வேறு கலத்தில் வைத்து மருத்துவம் செய்க.

இறால் சட்டை உரிக்கும் காலத்தில் மெலிந்திருக்கும். ஒளிந்துகொள்ளக் கற்பொந்துகள் வேண்டும். உரித்த சட்டையைக் கண்டு இறந்ததென எண்ணி அதன் மறைவிடத்தைக் கலைக்க வேண்டா.

தொட்டி மீன்களின் ஒட்டுண்ணியே இறாலுக்குப் போதும் என்று கருதிப் பட்டினியிடுதல் ஐந்தாம் அதிசாரம். அளவறிந்து உணவிடுக.

வடிகட்டும் பொறியின் நீர் உறிஞ்சும் வாயைப் பஞ்சால் மூடுக. மின்சாரம் நின்றால் காற்று செலுத்த மாற்று வழி வைத்திருக்க.

உயிருள்ள பவளம், பவளத்தின் துண்டு எதையும் எவரிடமும் பெற வேண்டா. பாறை கட்டும் பவள இனங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டிலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அறத்தால் விலக்கியதை அரசும் விலக்கியுள்ளது.

நிறைவாக

நிர்வாண நன்னாளாகிய தீபாவளி நமக்கு மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். விளக்கேற்றி வழிபடும் அந்நாளில் ஏதேனும் ஒரு நியமம் ஏற்பது நம் மரபு. வெடி ஓசையால் பறவைக்கும் விலங்குக்கும் வரும் அச்சத்தைக் கருதி வெடியை விடுத்தோர் நம்முள் உண்டு. எவ்வுயிரையும் காட்சிக்காகக் கட்டி வையேன் என்ற நியமத்தையும் வரும் நிர்வாண நாளில் குடும்பத்தோடு ஏற்கலாம். கூண்டுக் கிளியும் தொட்டி மீனும் இவ்விறாலும் அந்நியமத்துள் அடங்கும். பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, காரணத்தை விளக்கி ஏற்கச் செய்யுங்கள். தடுக்கப்பட்டதால் விட்ட பிள்ளை நாளை மீண்டும் வாங்கும். உணர்ந்து விட்ட பிள்ளை பிறரையும் விடச் செய்யும்.

பகை விலங்கின் வாயினுள் புகுந்து அதன் நோய் தீர்க்கிறது ஒரு விரலளவு இறால். தன்னை விழுங்கவல்ல வாய் மூடாது என்னும் நம்பிக்கையில் அது தன் தொழிலைச் செய்கிறது. களவா மீன் அந்நம்பிக்கையைக் காக்கின்றது. பகுத்தறிவும் நல்வினையால் மானிடப் பிறவியும், கிடைத்தற்கரிய ஜின தர்மமும் பெற்ற நாம், அம்மீன் தரும் அளவு அபயத்தையேனும் அச்சிற்றுயிருக்குத் தருதல் வேண்டும். தானங்களுள் அபயதானம் சிறந்தது. அதற்குப் பொருட்செலவு இல்லை. கையை நீட்டாதிருத்தலே போதும்.

அருகன் அறம் வெல்க! அனைத்துயிரும் வாழ்க!